லானர்க்‌ஷயர் பால் சோதனையை ஆசிரியர்கள் கெடுத்தார்களா?

கேள்வி: பி.எட். படிக்கிறேன். இரண்டு உலகப் போர்களுக்கு இடையே பிரிட்டிஷ் பள்ளிகளில் பால் கொடுத்தது பற்றிக் கட்டுரை எழுதணும். ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயரில் 1930 பிப்ரவரி முதல் ஜூன் வரை 67 பள்ளிகளில் 20,000 பிள்ளைகளை வைத்துச் சோதனை நடந்திருக்கு. பாதிப் பேருக்குத் தினமும் முக்கால் பைன்ட் (சுமார் 425 மி.லி.) பால், பாதிப் பேருக்கு இல்லை. குடித்தவர்கள் நன்றாக வளர்ந்தார்கள் என்கிறது அறிக்கை. ஆனால் ஆசிரியர்களால்தான் சோதனை கெட்டது என்றும் படித்தேன். என்ன செய்தார்கள்?

பதில் 1: 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் காசெட் 1931-ல் எழுதிய விமர்சனத்தைப் பாருங்க. முதலில் சீட்டுக் குலுக்கியோ அகரவரிசையிலோதான் பிரித்தார்கள். ஒரு பக்கம் நோஞ்சான் பிள்ளைகள் அதிகமாகத் தெரிந்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது. கோளாறு அங்கேதான். பால் கிடைக்காத குழு ஆரம்பத்திலேயே எடையில் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முன்னால் நின்றது.

பதில் 2: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு பருவமும் பிள்ளைகளை எடைமேடையில் நிறுத்தியவள். கன்னம் ஒட்டின பிள்ளை எதிரில் நிற்கும்போது பட்டியலில் யார் பெயரை எந்தப் பக்கம் எழுதுவோம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. தங்களை அறியாமல் ஏழைப் பிள்ளைகள் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்றுதான் காசெட்டும் சொன்னார்.

துணியையும் கவனியுங்கள். எடை பார்த்தது உடுப்போடு. பிப்ரவரிக் குளிரில் வசதியான வீட்டுப் பிள்ளை கனமான கம்பளி போட்டு வந்திருக்கும், ஜூனில் அதைக் கழற்றியிருக்கும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற என்ன இருந்தது? பால் குடிக்காத குழுவில் வசதியானவர்கள் கூடுதல் என்பதால், அவர்கள் ஏறிய எடையில் கொஞ்சம் அந்தத் துணியோடு போயிருக்கும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அம்மா. இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் எப்படிச் செய்திருக்கணும்?

பதில் 1: ஒரே மாதிரியான இரட்டையர் 50 ஜோடி போதும், இந்த 20,000 பேரைவிட நம்பகமான விடை கிடைக்கும் என்பது காசெட்டின் கணக்கு. எப்படியோ, 1934-ல் பள்ளிப் பால் திட்டம் வந்துவிட்டது: அரைப் பென்னிக்கு மூன்றில் ஒரு பங்கு பைன்ட்.

பதில் 2: கணக்குச் சரிதான். ஆனால் இரட்டையரில் ஒன்றுக்கு டம்ளரைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்ல என்னால் முடியாது, தம்பி.