கடல் திருப்பித் தராதவருக்கு மோட்சம் ஆறுதலா?

கரைக்காற்று:
ஒக்கி நினைவுத் திருப்பலிக்கு ஊருக்குப் போயிருந்தேன். 2017 நவம்பர் 30-ல் வீசிய புயல். குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போன பலருடைய உடல்கூட இன்னும் கரை சேரவில்லை. மறையுரையில் "அவர்கள் விண்ணகத்தில் இருக்கிறார்கள், அழாதீர்கள்" என்றார் சாமியார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நடுக்கடலில் கிடந்த போட்டுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததற்கு மோட்சமா பதில்? இப்படிச் சொல்லியே கேட்கவேண்டியதைக் கேட்கவிடாமல் ஆக்கிவிடுகிறோம்.

செபமாலை75:
தம்பி, ஒக்கிக்குப் பிறகு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தை மறித்து உட்கார்ந்தது யார்? மோட்சத்தை நம்புகிற அதே சனம்தானே! காணாமல் போனவரை இறந்தவராக ஏற்க 7 வருஷம் ஆகும் என்பது சட்டம். அந்தக் கூட்டம் தெருவுக்கு வராமல் இருந்தால் ஒக்கிக்காக அதைத் தளர்த்தியிருப்பார்களா?
இன்னொன்று. உடல் கிடைக்காத வீட்டில், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியை எங்கே கொண்டுபோய் ஏற்றுவது? கடல் தன்னிடம் உள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்கிறது பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாடு 20:13. மலையோரத்துக்காரர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம். என் அக்கா அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறாள்.

நாகர்கோவில்_நாத்திகன்:
அண்ணே, அடுத்த அதிகாரத்தில் கடலே இல்லாமல் போய்விடுகிறதே! சுறா பிடிக்கிறவருக்கு அங்கே என்ன வேலை? 😀
மதத்தை அபின் என்ற மார்க்ஸ், அதே இடத்தில் அதை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் சொன்னார். அக்காவின் மூச்சை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் நடக்குமா என்று யாரும் சோதிக்கமுடியாத வாக்கை நம்பவைப்பது நியாயமா?

செபமாலை75:
பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் போய்க் கேளுங்கள், கடலில்லாத ஊர் எப்படி இருக்கும் என்று.

கரைக்காற்று:
அந்த வரியோடு எனக்குச் சண்டை இல்லை அண்ணே. "அழாதீர்கள்" என்பதோடுதான். இறந்துபோன நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு அழுதார். எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்றுதானே பவுல் எழுதினார்? கடவுள் கண்ணீரைத் துடைப்பார் என்றால், துடைக்கும்வரை கண்ணீர் இருக்கும்தானே.

செபமாலை75:
இது சரி. அடுத்த வருஷம் திருப்பலிக்கு முன்னாலேயே சாமியாரிடம் சொல்வோம், நானும் வருகிறேன். போட்டுகளுக்குச் சேட்டிலைட் போன் கேட்கும் மனுவையும் எடுத்துக்கொண்டு வா, அவரும் கையெழுத்துப் போடட்டும்.

நாகர்கோவில்_நாத்திகன்:
மனுவுக்கு நானும் வருகிறேன். திருப்பலிக்கு மட்டும் வெளியே நிற்பேன்.