கரு எடுப்பா, கருச்சேகரிப்பா? கருப்பை அலசல் முறைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கருவை உடலிலிருந்து வெளியே எடுப்பதைக் குறிக்கும் 'எம்ப்ரியோ ரெட்ரீவல்' (embryo retrieval) என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்திருக்கும் சொற்கள்: கரு மீட்பு, கரு எடுப்பு, கரு அகற்றல், கருத்திரட்டு, கரு அறுவடை. எதையும் ஏற்பதற்கு முன்னால், அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வழக்கமான ஐவிஎஃப் சிகிச்சையில் பெண்ணின் உடலிலிருந்து கரு எடுக்கப்படுவதே இல்லை. எடுப்பது முட்டையைத்தான். பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே சமயத்தில் பல முட்டைகளை வளர வைக்கிறார்கள். கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள், ஸ்கேன் பார்த்தபடி, சினைப்பையிலுள்ள நுண்பைகளின் திரவத்தை ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். அதற்குள் முட்டைகள் இருக்கும். விந்தணு சேர்ந்து கரு உருவாவது ஆய்வகத் தட்டில். அங்கிருந்து கரு கருப்பைக்குள் போகிறதே தவிர, கருப்பையிலிருந்து வெளியே வருவதில்லை.

கரு உடலுக்குள்ளேயே உருவாகி, பிறகு வெளியே எடுக்கப்படும் முறை வேறு. கதீட்டர் எனும் மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் திரவத்தைச் செலுத்தி, அது திரும்பி வரும்போது கூடவே கருவும் வந்துவிடும்படி செய்வது. காலக்கணக்கு மிக நுட்பமானது. கருக்குழாயில் விந்தணுவைச் சந்தித்த முட்டை நாலைந்து நாளில் கருப்பைக்கு வந்து சேர்கிறது. ஆறாம் ஏழாம் நாளில் சுவரில் பதியத் தொடங்குகிறது. இந்த இடைவெளியில் அது எதிலும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்போது அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக்குறைய. அந்தச் சில நாட்களுக்குள் அலசினால்தான் உண்டு.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1890இல் இங்கிலாந்தில் வால்டர் ஹீப் என்ற உயிரியலாளர் அங்கோரா முயலிடமிருந்து இரண்டு கருக்களை எடுத்து வேறு இன முயலுக்குள் வைத்தார். அந்தத் தாய் ஈன்ற குட்டிகளில் இரண்டு அங்கோராவாக இருந்தன. பசுக்களில் அறுவை இல்லாமல் அலசி எடுப்பது 1970களிலிருந்து உலகெங்கும் நடக்கிறது. மனிதரில் இதை முதலில் வெற்றியாக்கியது கலிஃபோர்னியாவில் ஜான் பஸ்டரின் குழு. கொடையாளிப் பெண்ணுக்கு விந்து செலுத்தி, சில நாள் கழித்து அவர் கருப்பையை அலசி, கிடைத்த கருவை வேறொரு பெண்ணுக்கு வைத்தார்கள். 1984 தொடக்கத்தில் குழந்தை பிறந்தது. ஆனால் ஸ்கேன் வழியாக முட்டையை உறிஞ்சும் முறை அதே பத்தாண்டில் எளிதாகிவிட்டதால், அலசும் முறை பின்னுக்குப் போனது. கருக்கள் எல்லாமே திரும்பி வரும் என்று உறுதி கிடையாது என்பதும் ஒரு காரணம். உள்ளே தங்கிவிட்ட கரு பதிந்தால், கொடையாளியே விரும்பாமல் கர்ப்பமாகிவிடுவார்.

2020இல் 'ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன்' இதழில் சாண்டியாகோ முன்னே (Munné) என்ற மரபியலாளரின் குழு செய்த ஆய்வு வந்த பிறகு பேச்சு மறுபடி தொடங்கியது. மெக்சிகோவில் 81 பெண்களிடம் செய்தது. இந்தமுறை ஹார்மோன் ஊசியும் கொடுத்திருந்தார்கள். பாதிக்கும் குறைவான அலசல்களில்தான் கரு கிடைத்தது. கிடைத்தவற்றின் குரோமோசோம் நலம், அதே பெண்களிடம் ஐவிஎஃப் வழியாக உருவாக்கிய கருக்களோடு ஒப்பிடும் அளவில் இருந்தது. பெற்றோரின் மரபணு நோய் குழந்தைக்கு வராமல் கருவை முன்கூட்டியே சோதிக்க இந்த வழி உதவலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. பணம் கொடுத்துப் பெண்களை இதில் ஈடுபடுத்தியதையும், சிலர் அலசலுக்குப் பிறகும் கருவுற்றதையும் அறவியலாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சரி, இப்போது சொற்களுக்கு வருவோம்.

என் ஒரே அக்கறை இதுதான்: இந்தச் சொல் அகராதியில் கிடக்கப் போவதில்லை, ஒப்புதல் படிவத்தில் வரப்போகிறது. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், 2021, எழுத்துமூலமான ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. படிப்பவர் பல வருடம் பிள்ளை இல்லாமல் தவித்து, கையில் ஃபைலோடு காத்திருக்கும் பெண். அவரிடம் 'கரு எடுப்பு' என்று ஒரு தாளை நீட்டினால் என்ன தோன்றும்? நம் ஊரில் 'கருவை எடுத்துட்டாங்க' என்றால் ஒரே பொருள்தான், கலைத்துவிட்டார்கள். 'கரு அகற்றல்' அதைவிட மோசம். 'கருப்பைக் கழுவல்' என்று யாராவது சொல்லிவிடுவதற்கு முன்பே தடுத்துவிடுகிறேன்: கரு கலைந்தபின் கருப்பையைச் சுரண்டித் துப்புரவாக்கும் 'டி அண்ட் சி' செய்வதைத்தான் பெண்கள் 'கழுவி விட்டாங்க', 'சுத்தம் பண்ணிட்டாங்க' என்கிறார்கள். கருவைக் காப்பாற்றி வைக்கும் சிகிச்சைக்கு, கருவை இழந்த நாளின் சொல்லைக் கொடுக்கக்கூடாது.

'கரு மீட்பு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீட்பது தொலைந்ததை, அடகு வைத்ததை, ஆபத்தில் இருப்பதை. இந்தக் கரு அதற்குரிய இடத்தில்தான் இருந்தது; நாம்தான் போய் எடுக்கிறோம். 'அறுவடை' வேண்டவே வேண்டாம், பெண்ணை வயலாக்கிவிடும். 'கருத்திரட்டு' முன்மொழிந்த நண்பர் மன்னிக்கவேண்டும். ஒற்று மிகுந்ததும் அது 'கருத்து' என்றுதான் கண்ணில் படுகிறது. வாசகர் கடிதத் தொகுப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

எனவே ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைக்காமல், வழிக்கு ஒன்றும் பலனுக்கு ஒன்றுமாகப் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு. வழி, 'கருப்பை அலசல்'. துவைத்த துணியை நல்ல நீரில் அலசுவதில் தேய்ப்பு இல்லை, சுரண்டல் இல்லை. இங்கும் அப்படித்தான், நீர் போய் நீர் வருகிறது. பலன், 'கருச்சேகரிப்பு'. 'கருவலசல்' என்று ஒன்றாக்கினால் சுருக்கமாக இருக்குமே என்று கேட்கலாம். பத்திரிகைகள் 'அலசல்' என்பதை ஆராய்ச்சி என்ற பொருளில் பழக்கிவிட்டன. கருவலசல் என்றால் கருவின் மரபணுச் சோதனை என்று எடுத்துக்கொள்வார்கள். கருப்பையோடு சேரும்போது அந்த ஐயம் வராது.

அப்புறம் முட்டை விஷயம். 'கருமுட்டை' என்ற சொல்லை நாம் கைவிடவேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். 2022இல் ஈரோட்டுச் சிறுமியின் வழக்கில் நாளேடுகள் 'கருமுட்டை விற்பனை' என்றே எழுதின. அங்கே கரு எதுவும் இல்லை, விந்தணு சேராத முட்டைதான். சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு: முட்டைக் கொடையாளி 23 முதல் 35 வயதுக்குள் இருக்கவேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. கரு என்பது விந்தணு சேர்ந்த பிறகு 56 நாள் வரை. இப்படியிருக்க, கருமுட்டை சேகரிப்பு, கருச்சேகரிப்பு என்று இரண்டு சொற்கள் ஒரே படிவத்தில் வந்தால், கையெழுத்துப் போடுபவர் எதற்குப் போடுகிறார் என்றே தெரியாது. ஆகவே முட்டைக்கு 'சினைமுட்டை உறிஞ்சல்' என்று செயலையே வேறாக்கிவிடலாம். 'சினை' மாட்டுக்குரிய சொல் என்ற முணுமுணுப்பு உண்டு. சினைப்பை நீர்க்கட்டி என்று பெண்கள் தாங்களே சொல்லிப் பழகிவிட்டதால், அது பெரிய தடையாக எனக்குப் படவில்லை.

இலங்கை நண்பர்கள் 'முளையம்' என்கிறார்கள். கலைப்புப் பேச்சின் நிழல் படியாத சொல், கருவுக்கு உள்ள பல பொருள் தொல்லையும் இல்லை. அணுவின் கரு, மஞ்சள் கரு, கதையின் கரு என்று எங்கும் போய் முட்டாது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு 'முளையச் சேகரிப்பு' எனக்கு உவப்பானதே. தமிழ்நாட்டு நோயாளிக்கு மட்டும் தயங்குகிறேன். பழகாத கண் அதை 'மூளையம்' என்று படித்துவிடும்.

படிவத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன்: "விந்து செலுத்திய ஐந்தாம் நாள் உங்களுக்குக் கருப்பை அலசல் செய்யப்படும். அதில் சேகரிக்கப்படும் கருக்கள் சோதனைக்குப் பின் உங்கள் கருப்பைக்குள் திரும்ப வைக்கப்படும். சேகரிக்கப்படாத கரு உள்ளே தங்கினால் நீங்கள் கருவுற வாய்ப்பு உண்டு." மூன்றாவது வாக்கியத்தை 'எடுக்கப்படாத கரு' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், பொருளே திரிகிறது.

குழுவில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். கருமாற்றுத் தொழில்நுட்பத்தில் பசுவை அலசும்போது பண்ணையில் உதவியாளர்களிடம் எந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள்? ஆங்கிலச் சொல்லான 'ஃபிளஷிங்' தானா, அல்லது வாயில் வேறு ஏதாவது தமிழ்ச்சொல் புழங்குகிறதா? புழங்கினால், நான் மேலே சொன்னதைக் கைவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.