புதுப்பிப்பு: ஊசி போடும்போது பாப்பாவோடு இருக்க விட்டார்கள்

நிமோனியாவுக்காகக் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்த மகளுக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்றுவதற்காகக் கை நரம்பில் ஊசியால் குத்தி விட்டுவைக்கும் சின்னக் குழாய்) குத்தும்போது என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். டியூட்டி டாக்டரிடமே கேளுங்கள் என்றீர்கள். கேட்டேன், சரி என்றார்.

அடுத்த முறை மடியில் வைத்துக்கொண்டேன். "கையை மட்டும் அசையாமப் பிடிச்சுக்கங்கம்மா" என்றார் நர்ஸ். அழுதாள்தான். ஆனால் என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சீக்கிரமே அடங்கினாள். எல்லா அம்மாக்களையும் இப்படி விட வேண்டும்.

இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறாள். டாக்டர் சொன்னது: ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மலையில் இறங்கவே நேரமாகும், 108-ஐக் கூப்பிடுங்கள்.