மின்வாரிய ஏஇ பணி: பிரிவு அலுவலகமா, எஸ்எஸ்ஸா?

புது_ஏஇ: எல்லோருக்கும் வணக்கம். பிஇ இஇஇ முடித்து உதவிப் பொறியாளராகச் சேரப் போகிறேன். ஊர் லைன்களைக் கவனிக்கும் பிரிவு அலுவலகமும் கிடைக்கலாம், 110/11 கேவி துணை மின்நிலையமும் (எஸ்எஸ்) கிடைக்கலாம். ஏஇஇ (உதவிச் செயற்பொறியாளர்), இஇ (செயற்பொறியாளர்) என்று மேலே போகும்போது எந்த அனுபவம் கைகொடுக்கும்? முதல் மாதத்திலேயே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

ரிலே_பிரியன்: தம்பி, கேட்டு வாங்க முடிந்தால் முதலில் எஸ்எஸ். பாடத்தில் படித்ததெல்லாம் அங்கே கண்ணெதிரே நிற்கும். 16 எம்விஏ டிரான்ஸ்பார்மரின் 11 கேவி பக்க முழுச்சுமை சுமார் 840 ஆம்பியர். அதை மனதில் வைத்துக்கொண்டு லாக் ஷீட்டைப் பாருங்கள். ஒரு பீடரில் (எஸ்எஸ்ஸிலிருந்து வெளியே போகும் லைன்) பால்ட் வந்து, எல்லாப் பீடருக்கும் சேர்த்து மின்சாரம் தரும் இன்கமரும் சேர்ந்து டிரிப் ஆனால் ரிலே டைம் கிரேடிங்கைச் சந்தேகப்படுங்கள். ரிலே என்பது பால்ட்டைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி; பீடர் முதலில், இன்கமர் பிறகு என்று நேரம் வைப்பதுதான் கிரேடிங். ஐடிஎம்டி நார்மல் இன்வர்ஸ் வளைவில் (கரண்ட் கூடக் கூட ரிலே சீக்கிரம் இயங்கும் வகை), செட்டிங்கைப் போல 10 மடங்கு கரண்ட் ஓடும்போது டிஎம்எஸ் (நேரப் பெருக்கி) 0.1 வைத்த ரிலே 0.3 விநாடியில் இயங்கும். இன்கமரின் பிக்கப் (ரிலே இயங்கத் தொடங்கும் கரண்ட்) வேறு என்பதால் டிஎம்எஸ்ஸை மட்டும் ஒப்பிட்டால் தப்பு. ஒரே பால்ட் கரண்டுக்கு இரண்டின் நேரத்தையும் கணக்கிட்டு, இடைவெளி 0.3 முதல் 0.4 விநாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பேட்டரி. 110 வோல்ட் டிசிக்கு 55 செல். சார்ஜர் ஓடும்போது செத்த பேட்டரிகூட நல்ல வோல்டேஜ் காட்டும். சார்ஜரை நிறுத்தி, லோடில் ஒவ்வொரு செல்லாக அளக்க வேண்டும். டிசி இல்லையென்றால் ரிலே இயங்கினாலும் பிரேக்கர் திறக்காது, டிரான்ஸ்பார்மர்தான் பலி.

லைன்_கிளியர்: ரிலே சொன்னது சரி. ஆனாலும் ஆட்களைக் கம்பத்தில் ஏற்றும் பொறுப்பைப் பிரிவில்தான் கற்க முடியும். அங்கே முதல் பாடம் எல்சி, அதாவது லைன் கிளியர்: லைனை நிறுத்தி, வேலை செய்ய எஸ்எஸ் தரும் அனுமதி.

பீடரின் பெயரை எஸ்எஸ் பதிவேட்டில் உள்ளபடியே சொல்லிக் கேளுங்கள், ஊர் வழக்குப் பெயர் வேண்டாம். ஒரே கம்பத்தில் இரண்டு பீடர் போகிற இடங்களில் இந்தக் குழப்பத்தால் உயிர் போயிருக்கிறது. எல்சி எண், நேரம், கொடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏபி சுவிட்சை (கம்பத்தின் மேல் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்ததும் கீழே நின்று மூன்று பிளேடும் விலகியதா என்று கண்ணால் பாருங்கள். கைப்பிடி இறங்கியும் ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பிறகு பூட்டு, வோல்டேஜ் டெஸ்ட், லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராட். ராடை மாட்டும்போது முதலில் நில முனை, அடுத்து லைன் முனை. கழற்றும்போது முதலில் லைன் முனை.

புது_ஏஇ: எஸ்எஸ்ஸில் பிரேக்கர், ஐசொலேட்டர் திறந்து எர்த்தும் போட்டாகிவிட்டதே சார், வேலை செய்யும் இடத்திலும் ராட் ஏன்?

லைன்_கிளியர்: பேக் பீட், அதாவது நுகர்வோர் பக்கமிருந்து மின்சாரம் திரும்பி வருவது. 11 கேவி / 433 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் எல்டி (தாழ்வழுத்த) பேஸ் 250 வோல்டுக்கு எதிரே எச்டி (உயரழுத்த) சுருளில் 11,000 வோல்ட், அதாவது 44 மடங்கு. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், வாரிய லைனிலிருந்து அதைப் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் 230 வோல்டை எல்டி லைனில் ஏற்றினால், எச்டி பக்கம் 10,000 வோல்ட் எழும். நடுவில் ஏபி சுவிட்ச் திறந்திருந்தால் எஸ்எஸ் எர்த் அந்தத் துண்டு லைனைக் காப்பாற்றாது. அதனால் வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் ராட், டிரான்ஸ்பார்மரின் எல்டி பியூஸையும் பிடுங்க வேண்டும். பக்கத்து லைனின் இண்டக்ஷனால் (தூண்டலால்) வரும் வோல்டேஜுக்கும் இதுதான் காப்பு. எல்சி திருப்பும் முன் ஆட்களையும் ராட்களையும் எண்ணுங்கள்.

டிடி_டாக்டர்: பிரிவுக்குப் போனால் டாங் டெஸ்டரை (கம்பியை அறுக்காமல் கரண்ட் அளக்கும் கருவி) கையோடு வைத்திருங்கள். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் எல்டி பக்க முழுச்சுமை 133 ஆம்பியர்தான். பகலில் அளந்து பயனில்லை, கோடையில் இரவு 8 மணிக்கு மேல் அளக்க வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தும் ஒரே பேஸில் 150 ஓடினால் அந்தச் சுருள் கருகும், சிங்கிள் பேஸ் சர்வீஸ்களை மாற்றிப் பிரிக்க வேண்டியதுதான். நியூட்ரல் கரண்டையும் எழுதுங்கள். நியூட்ரல் ஜாயிண்ட் தளர்ந்து விட்டுவிட்டால் லோடு குறைவான பேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400 பக்கம் ஏறும், தெரு முழுக்க டிவியும் பிரிட்ஜும் போகும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்ட விடாதீர்கள், அடுத்துப் போவது டிரான்ஸ்பார்மர்.