ஃபைனல் இயர் மாணவர் கையில் இம்ப்ளான்ட் ட்ரில்லைக் கொடுக்கலாமா?

பாளை_ப்ரோஸ்தோ
இறுதியாண்டு பிடிஎஸ் (பல் மருத்துவப் பட்டம்) மாணவர்களுக்கான இம்ப்ளான்ட் (இல்லாத பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ) பாடத்தை மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை நடந்தது இவ்வளவுதான்: சில லெக்சர்கள், ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் ப்ரானெமார்க் 1952-ல் முயல் எலும்போடு டைட்டானியம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்த கதை, 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்த கதை, அப்புறம் வைவாவில் ஒரு டெஃபனிஷன். முடிந்தது பாடம்.

என் யோசனை இது. துளை போடுவதை இந்த ஆண்டில் தொடவே வேண்டாம். பல் எங்கே வர வேண்டும் என்பதை மாணவர் முதலில் மெழுகில் வைத்துப் பார்க்கட்டும். அதிலிருந்து ஸ்டென்ட் (பல்லின் இடத்தைக் காட்டும் அச்சு) செய்து, அதை வாயில் மாட்டி ஸ்கேன் எடுத்தால், எலும்பு இருக்கிற இடமும் பல் வர வேண்டிய இடமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அப்புறம் மாடலில் அளவெடுப்பது (அச்சு எடுப்பது), கேப் மாட்டுவது, பராமரிப்பு. எலும்பில் கை வைப்பது எம்டிஎஸ் மேற்படிப்புக்கு வந்த பிறகு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அம்பை_பல்டாக்டர்
மறுப்பு இருக்கிறது மேடம். பையன்கள் பட்டம் வாங்கிய கையோடு சனி, ஞாயிறு கோர்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார்கள். திங்கட்கிழமை போர்டில் 'இம்ப்ளான்ட் சென்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்காவிட்டால் அவர்கள் துளை போடாமல் இருக்கப்போவதில்லை. சரியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போடுவார்கள். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிஷம் சூடானாலே பாதிக்கப்படும் என்பதைப் புத்தகத்தில் படித்து என்ன பயன்? சலைன் ஊற்றாமல் ஓட்டினால் நுனியில் எலும்புத்தூள் அடைத்துக்கொண்டு ட்ரில் எப்படி இறுகுகிறது என்பதைக் கை உணர வேண்டும். ஆட்டுத் தாடையில் பழகட்டும். மேலப்பாளையம் சந்தை பக்கத்தில் இருக்கும்போது ஆட்டுத் தலைக்கா பஞ்சம்?

வண்ணார்பேட்டை_லேப்
துளையைப் பற்றி நான் பேசக்கூடாது. என் மேசைக்கு வரும் அளவுகளைப் பற்றிப் பேசலாம் அல்லவா?

ஓப்பன் ட்ரேயில் (மேலே திறப்புள்ள அச்சுத் தட்டு) எடுத்த அளவு என்று ஒரு டப்பா வரும். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற கோப்பிங்கை (இம்ப்ளான்ட்டின் நிலையை அச்சில் பிடித்து வரும் துண்டு) விரலால் தொட்டாலே சுற்றும். அதில் இம்ப்ளான்ட்டின் நகலான அனலாக்கை மாட்டி மாடல் ஊற்றினால் இம்ப்ளான்ட் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதே பொய்யாகிவிடும். இன்னொரு வகை, கோப்பிங் இம்ப்ளான்ட்டில் முழுசாக உட்காரும் முன்பே அளவெடுத்தது. நான் எவ்வளவு அழகாகக் கேப் செய்தாலும் அது வாயில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். டாக்டர் போனில், "லேப் ஃபால்ட்" என்பார். கோப்பிங் மாட்டிய உடனே ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்திருந்தால் இடைவெளி கறுப்புக் கோடாகத் தெரிந்திருக்கும். இதை எத்தனை கல்லூரியில் கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறார்கள்? மேடம் சொல்வதுதான் சரி. கேப் சரியில்லை என்று வருகிற வேலைகளில் பெரும்பாலும் எலும்பில் பழுது இல்லை, அளவில்தான் பழுது.

ரிட்டயர்டு_வாத்தியார்
இரண்டு கட்சிக்கும் நான் எதிர்க்கட்சி. கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் பல்செட் போடுவதுதான் முதல் தேர்வு என்று 2002-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடி அறிக்கை விட்டார்கள். சரி. அந்த இரண்டு இம்ப்ளான்ட்டின் மேல் உட்காரப்போவது என்ன? பல்செட்தானே! ஓரம் சரியில்லாத, கடி சரியில்லாத பல்செட்டை லொக்கேட்டர் (பல்செட்டை இம்ப்ளான்ட்டோடு பிடிக்கும் பட்டன் போன்ற பாகம்) போட்டுப் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? முன்னால் கவ்விக்கொண்டு பின்னால் துள்ளும். கடைசியில் லொக்கேட்டரைக் கவ்வும் நைலான் தேயும், பல்செட் நடுவில் விரிசல் விடும்.

இன்றைக்கு ஹவுஸ் சர்ஜன்களில் பலருக்குப் பார்டர் மோல்டிங் (வாயின் அசைவுக்கு ஏற்பப் பல்செட் ஓரத்தின் அச்சை வடிப்பது) முழுசாக வராது. அச்செடுக்கும் காம்பவுண்டைச் சூடாக்கி ஓரத்தில் வைத்து, நோயாளியை நாக்கை நீட்டச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள். முதலில் இதைச் சரிசெய்யுங்கள். இம்ப்ளான்ட் எங்கேயும் ஓடிப்போகாது.

பேட்டை_ஹவுஸ்சர்ஜன்
வாத்தியார் சார், கோபப்படாமல் கேளுங்கள். போன மாதம் ஏர்வாடியிலிருந்து ஒருவர் ஓபிக்கு வந்தார். கல்ஃபில் வேலை பார்த்தபோது அங்கே வைத்த இம்ப்ளான்ட், கேப் ஆடுகிறது. எந்தக் கம்பெனி என்று கேட்டால், "நல்ல கம்பெனி தம்பி" என்கிறார். கார்டு இல்லை, பில் இல்லை. உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்பது வரை புரிந்தது. எங்களிடம் இருந்த ஸ்க்ரூ டிரைவர் அதில் பொருந்தவில்லை. எக்ஸ்ரேயில் உருவத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி சிஸ்டம் என்று ஊகிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்டர் மோல்டிங் தெரிந்து அவருக்கு நான் என்ன செய்திருக்க முடியும்? நாங்கள் வைக்காத இம்ப்ளான்ட்கள் எங்கள் ஓபிக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பாளை_ப்ரோஸ்தோ
தம்பி சொன்னதுதான் என் வாதத்தின் நடு இடம். வைப்பவர் ஒருவர், வைத்த பிறகு வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளப்போவது ஊரில் இருக்கிற சாதாரண பிடிஎஸ் டாக்டர்.

அந்த ஸ்க்ரூ ஏன் தளர்ந்தது என்று யோசித்தீர்களா? இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சவ்வு உண்டு. கடித்தால் பல் இம்மியளவு அமுங்கும். இம்ப்ளான்ட்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது, அமுங்குவது அதைவிட மிகக் குறைவு. இரண்டையும் ஒரே உயரத்தில் விட்டால், இறுக்கிக் கடிக்கும்போது பக்கத்துப் பற்கள் அமுங்கிக்கொடுக்கும், மொத்தச் சுமையும் கேப்பின் மேல் விழும். அதனால்தான் லேசாகக் கடிக்கும்போது கடிப்பேப்பர் இம்ப்ளான்ட் கேப்பில் உருவிக்கொண்டு வர வேண்டும், இறுக்கிக் கடித்தால் மட்டும் பிடிக்க வேண்டும். இதை மாணவர்கள் ஒருவர் வாயில் ஒருவர் பேப்பர் வைத்துப் பழகலாம், செலவே இல்லை.

அடுத்தது டார்க் ரெஞ்ச், குறித்த அளவுக்கு முறுக்கும் கருவி. பல சிஸ்டங்களில் அபட்மென்ட் (இம்ப்ளான்ட்டையும் கேப்பையும் இணைக்கும் துண்டு) ஸ்க்ரூவுக்கு 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு கேட்பார்கள். கை டிரைவரால் முக்கி முறுக்கினாலும் அதில் பாதியைத் தாண்டுவது கஷ்டம். முறுக்கிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஒரு முறை அதே அளவுக்கு முறுக்க வேண்டும், ஏனென்றால் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று அழுந்தி இறுக்கம் கொஞ்சம் இறங்கிவிடும். துளை போடாமலே சொல்லித்தர இவ்வளவு இருக்கிறது.

அம்பை_பல்டாக்டர்
எல்லாம் சரி. ஆனால் பாபநாசம், மணிமுத்தாறு பக்கத்திலிருந்து வருகிற வயசாளி ஒருவரை, "துளைக்குப் பாளைக்குப் போங்க, கேப்புக்கு என்னிடம் வாங்க" என்று எத்தனை தடவை பஸ் ஏற்றுவது? ஸ்பெஷலிஸ்ட் எல்லாரும் திருநெல்வேலி ஜங்ஷனையும் ஹைகிரவுண்டையும் தாண்டி வர மாட்டேன் என்கிறார்கள். எலும்பு நன்றாக இருக்கிற, நரம்பு தள்ளியிருக்கிற ஒற்றைப் பல் கேஸை ஊர் டாக்டர் செய்யட்டுமே. நரம்புக் குழாயிலிருந்து 2 மில்லிமீட்டர், பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மில்லிமீட்டர் விட வேண்டும் என்ற கணக்கு ஃபைனல் இயர் பையனுக்குப் புரியாதா?

ரிட்டயர்டு_வாத்தியார்
புரியும்வே, ஏன் புரியாது. எந்தக் கேஸை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் புரியாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், ஒரு கட்டு பீடியை ஒரே நாளில் காலி செய்கிறவர், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர், இவர்களுக்கெல்லாம் முடியாது என்று சொல்லிப் பழக ஆட்டுத் தாடை உதவுமா? ஆடு பீடி குடிக்குமா?

மேலப்பாளையம்_வாசகர்
நான் டாக்டர் இல்லை. எங்க வாப்பாவுக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்துக் கீழ்ப் பல்செட் போட்டோம். ஆரம்பத்தில் கழற்றவே பலம் வேண்டும், இப்போது பேசும்போதே எழும்புகிறது. வைத்த இடத்தில் கேட்டால் புதுசாகச் செய்யணும் என்றார்கள். நைலான் தேயும் என்று இங்கே வாத்தியார் எழுதியதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது.

வண்ணார்பேட்டை_லேப்
பாய், பல்செட்டின் அடியில் லொக்கேட்டர் உட்காரும் இடத்தில் உள்ள நைலான் தேய்ந்திருக்கலாம். அது தனியாகக் கழன்று வரும், வேறு போடலாம், பிடிப்பு கூட, குறைய என்று பல நிறத்தில் கிடைக்கும். ஆனால் பல்செட் ஓரமும் ஈறும் சரியாக இருக்கிறதா என்று ஒரு ப்ரோஸ்தோ (செயற்கைப் பல் நிபுணர்) டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு மாற்றுங்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றி ரத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பாளை_ப்ரோஸ்தோ
வாத்தியார் சார் நிபந்தனையை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு முழு பல்செட்டைக் குறையில்லாமல் முடிக்காதவருக்கு இம்ப்ளான்ட் செய்முறை கிடையாது. லொக்கேட்டர் நைலான் மாற்றுவதையும் பாடத்தில் சேர்த்துவிட்டேன். ஆட்டுத் தாடை ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங்கில், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். மதிப்பெண் கிடையாது.

அம்பை_பல்டாக்டர்
மதிப்பெண் இல்லாததை எந்தப் பையன் செய்வான் மேடம்? பேருக்கு ஒன்று வைத்துவிட்டு என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பேட்டை_ஹவுஸ்சர்ஜன்
நான் செய்வேன் சார். ஆட்டுத் தலைக்குக் காசு டிபார்ட்மென்ட் தருமா, நாங்கள் போட வேண்டுமா என்று மட்டும் மேடம் சொல்லிவிட்டால் போதும்.