டிரிகரை அழுத்தியும் வெடிக்காத தோட்டா: பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்

முன்னாள்_ஹவில்தார்

பட்டாளத்தை விட்டு வந்தபின் வங்கிக் காவல் வேலை. சொந்த லைசென்ஸ், ட்வெல்வ் போர் (12 என்ற குழல் அளவு), இரட்டைக்குழல். இதே வேலையில் இருப்பவர்களுக்கு மீதியை நான் சொல்லத் தேவையில்லை.

பயிற்சியின்போது பக்கத்து வரிசையில் நடந்ததை எழுதத்தான் வந்தேன். அந்த ஆள் தோட்டாக்களைத் தோளில் மாட்டும் தோல் பட்டையிலேயே வருடக்கணக்காகச் செருகி வைத்திருந்தார். பித்தளைப் பகுதி முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒன்று சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் குழி) பாதிக்கு மேல் போகவில்லை, துப்பாக்கி மூடவே இல்லை. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் போட்டு அழுத்தினார். 'டிக்'. உடனே துப்பாக்கியைக் கீழே இறக்கி, திறப்பதற்கு லீவரில் கட்டைவிரலை வைத்துவிட்டார். பயிற்சியாளர் பின்னாலிருந்து பாய்ந்து குழலை இலக்குப் பக்கம் தள்ளி, "திறக்காதே, அப்படியே பிடி" என்று கத்தினார். கத்தி முடிக்கவும் வெடிக்கவும் சரியாக இருந்தது. எதிரே மண்மேட்டில் புழுதி பறந்தது.

திறந்திருந்தால் பித்தளை அவர் முகத்துக்கு நேராக வந்திருக்கும். இன்னும் தூக்கத்தில் அந்த 'டிக்' கேட்கிறது.

பாயிண்ட்32

ஹவில்தார் சார், ஒன்று சொல்ல வேண்டும். தாமதமாக வெடிப்பது நிஜம்தான், ஆனால் பெரும்பாலும் அது ஒரு நொடிக்கும் குறைவான தாமதம். நீங்கள் சொல்வதுபோல் ஒருவர் பாய்ந்து வந்து கத்தும் நேரம் வரை நீடிப்பது ரொம்ப அபூர்வம். 'டிக்' என்றால் பயந்து நடுங்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடக் கூடாது.

நான் பயப்படுவது 'டிக்'குக்கு அல்ல, 'புஸ்'ஸுக்கு. எங்கள் ரேஞ்சில் ஒருவர் .32 ரிவால்வரில் வேகமாகச் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சத்தம் மட்டும் சின்னதாக, ஊதுவத்தி அணைத்த மாதிரி. கை உதறவே இல்லை. அவர் அடுத்ததை அழுத்தப் பார்க்கிறார், சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் உருளை) சுற்றவில்லை. அது சுற்றாததுதான் அவருக்கு விரல் மிஞ்சியதற்குக் காரணம். ரேஞ்ச் ஆபீசர் வாங்கி, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஈயக்குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாகச் சிக்கியிருந்தது. இன்னும் அரை அங்குலம் முன்னே போயிருந்தால் சிலிண்டர் தாராளமாகச் சுற்றியிருக்கும். அடுத்த குண்டு இதன் முதுகில் போய் இடித்துக் குழலைப் பிளந்திருக்கும்.

தோட்டாவில் வெடிமருந்து குறைவு அல்லது மருந்தே இல்லை, கேப் (ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சின்ன மூடி) மட்டும் குண்டைத் தள்ளியிருக்கிறது. பெட்டியில் இருந்த மற்றவையும் அதே லாட் (ஒன்றாகச் செய்த தொகுதி) என்பதால் யாரும் தொடவில்லை.

மஞ்சூர்க்காரன்

ரெண்டு பேரும் தோட்டாவையே குறை சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் தோட்டா புத்தம் புதுசு. மார்கழி விடியற்காலை, புல்லெல்லாம் உறைபனி. 'டிக்', மறுபடி 'டிக்'. அரை நிமிடம் காத்திருந்து எடுத்துப் பார்த்தால் கேப்பில் ஊசி பட்ட பள்ளம் நகத்தால் கீறியது போல மேலோட்டமாக இருக்கிறது. அதே தோட்டாக்கள் மத்தியானம் வெயிலில் ஒழுங்காக வெடித்தன.

காரணம் தேங்காய் எண்ணெய். வீட்டில் இருந்ததை எடுத்துத் துப்பாக்கியின் பூட்டுக்குள் (சுடும் விசை இருக்கும் பகுதி) ஊற்றியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகிவிடும். நீலகிரிக் காலையில் அது உள்ளே வெண்ணெயாக உறைந்து ஸ்பிரிங்கையும் ஃபயரிங் பின் என்ற அந்த ஊசியையும் பிடித்துக்கொண்டது.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். துப்பாக்கிக்கென்று விற்கிற மெல்லிய எண்ணெயை மட்டும் போடுங்கள், அதுவும் ஒரு சொட்டு. வழிய வழிய ஊற்றினால் கேப்புக்குள் இறங்கித் தோட்டாவையே கெடுக்கும். சுடுவதற்கு முன் குழலில் உலர்ந்த துணியை ஓட்டுங்கள். உறையில் போட்டே பூட்டி வைக்காதீர்கள், உறை ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது எடுத்துத் துடைக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டி டிரிகரை இலகுவாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரிவால்வரில் மெயின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலும் இதே மேலோட்டப் பள்ளம்தான் விழும், இதே 'டிக்'தான் கேட்கும்.

களிமண்_தட்டு

டிராப் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் போட்டி) சுடுகிறேன். எங்களுக்குத் தோட்டாவுக்குள் 24 கிராம் ரவைதான் (சின்ன ஈயக்குண்டுகள்) உச்ச வரம்பு, அதனால் தோட்டா விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு குடும்பம் வந்தது. அப்பாவிடம் 12 போர், மகளிடம் அதைவிடக் குழல் சிறிதான 20 போர். ஒரே பையில் இரண்டு வகைத் தோட்டாவும். அவசரத்தில் அப்பா கையில் வந்தது மஞ்சள் நிறத் தோட்டா. போட்டார். உள்ளே வழுக்கிக்கொண்டு போய்க் காணாமல் போய்விட்டது. பின்பக்கமிருந்து பார்த்தால் சேம்பர் காலி! போட மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர்த் தோட்டாவைக் கையில் எடுத்துவிட்டார். அந்தப் பெண்தான், "அப்பா, என் மஞ்சள் ஒண்ணு குறையுது" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

20 போர்த் தோட்டா 12 போர் சேம்பரைத் தாண்டிப் போய்க் குழல் குறுகும் இடத்தில் விளிம்பு மாட்டி நிற்கும். பின்னால் 12 போட்டு மூடினால் தடையில்லாமல் மூடும். சுட்டால் இடது கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். 20 போரை மஞ்சளில் செய்வதே இதற்காகத்தான்.

பாயிண்ட்32 அண்ணே, 'டிக்'குக்குப் பயப்பட வேண்டாம் என்று எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கோச் 30 விநாடி என்பார், மறுபேச்சு கிடையாது.

பாயிண்ட்32

தம்பி, காத்திருக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 30 விநாடி நானும்தான் காத்திருக்கிறேன். பதற வேண்டாம் என்றேன். பதறினால்தான் குழல் அலையும். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் மனு பாக்கருக்கு நடுவிலேயே பிஸ்டல் பழுதானது, சரிசெய்வதற்குள் நேரம் போனது. அந்த நிலையிலும் 575 புள்ளி எடுத்து 12வது இடம். இறுதிச் சுற்று கை நழுவியதைப் பார்த்து எனக்குத்தான் கை நடுங்கியது. 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். பழுது யாருக்கும் வரும், அந்த நேரத்து நிதானத்தைத்தான் பழக வேண்டும்.

தாத்தா_துப்பாக்கி

எனக்கு 'டிக்'கும் இல்லை, 'புஸ்'ஸும் இல்லை. தாத்தா வைத்திருந்த இங்கிலீஷ் இரட்டைக்குழல். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று ஆனதால் மற்றதைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் என் பேருக்கு மாற்றினேன். தேர்தல் நேரத்தில் போலீஸிடம் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது குழலுக்குள் துரு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாக. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரசீதில் 'நல்ல நிலை' என்று எழுதி நீட்டினார்கள். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சுடலாமா?

மஞ்சூர்க்காரன்

தேய்க்க வேண்டாம், சுடவும் வேண்டாம். முதலில் சேம்பர் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் 65 மி.மீ.தான். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை 70. பெட்டியில் போட்டிருக்கும் அளவு சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடாதபோது வாய் மடங்கிக் குட்டையாக இருப்பதால் 65 சேம்பருக்குள் ஒழுங்காகப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடும். சுட்டதும் விரிய இடமில்லாமல் வாய் நெருக்கும், உள்ளழுத்தம் ஏறும். அதிலும் குழலில் சுருள் சுருளாகக் கோடு தெரிந்தால் அது டமாஸ்கஸ் (பட்டைகளைச் சுருட்டி ஒட்டிச் செய்த பழைய குழல்), நைட்ரோ மருந்துக்கு (புகையில்லா வெடிமருந்து) சோதித்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். துருப்பள்ளம் சுவரை எவ்வளவு தின்றிருக்கிறது என்று கருவி வைத்து அளக்க வேண்டும். கண்ணால் சொல்ல முடியாது.

தாத்தா_துப்பாக்கி

கடைக்காரரிடம் கொண்டுபோய் அளந்தாயிற்று. 65. பீரோவில் இருக்கும் பெட்டி 70. சுருள் கோடு இல்லை, நைட்ரோ முத்திரை இருக்கிறது. குழல் சுவர் அளக்கும் கருவி அவரிடம் இல்லை. கோவை பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?