மதுரைப் பக்கம் மேடு பள்ளமாக ஓட எங்கே போகலாம்?

கடலோரக் கால்கள்:
சென்னையில் இருந்தவரை பெசன்ட் நகர், அடையாறு, திரும்ப வீடு என்று தட்டைத் தரையிலேயே ஓடிப் பழகியவன். வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்துவிட்டேன், மாட்டுத்தாவணிப் பக்கம் வீடு. வருகிற தை மாதம் நீலகிரியில் முப்பது கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கால்களுக்கோ மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றம் தெரியாது.

லாரி ஓடாத, கொஞ்சமாவது மர நிழல் உள்ள, நல்ல ஏற்ற இறக்கம் உள்ள பாதை வேண்டும். பழைய கோயில், கல்வெட்டு என்று வழியில் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுந்து போவதற்கு அதுவும் ஒரு சாக்கு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருநகர்வாசி:
திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் தொடங்குங்கள். மலையை ஒட்டிய சுற்று, வழி தவறவே முடியாது. முடித்துவிட்டு, பாண்டியர் காலக் குடைவரையான முருகன் சந்நிதிக்கும் போய்விட்டு வரலாம். ஏற்றம் வேண்டுமென்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். தொல்லியல் துறை கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறது.

மேலூர் பி.டி. டீச்சர்:
தம்பி, திருநகர்க்காரர் சொன்ன இரண்டும் நல்ல இடங்கள்தாம். ஆனால் சமணர் மலை மொட்டைப் பாறை. நிழல் கேட்டவரை அங்கே அனுப்புவது வடகம் காயப்போடுகிற கதை. காலை எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஓடவிட்டே தலை நரைத்தவள் நான். இந்தப் பக்கத்து மலைகளைப் பற்றி ஒரு பிடிவாதம் உண்டு: அழகர் மலையில் ஏறி ஓடுங்கள், மற்ற குன்றுகளைச் சுற்றி ஓடுங்கள். அவற்றின் உச்சிக்குப் போக வேண்டுமானால் நடந்து போங்கள்.

அழகர்கோவில் மாட்டுத்தாவணியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான். பழைய கோட்டை மதிலைத் தாண்டி உள்ளே போனால் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவு. ஊர் வழக்குகளில் சத்தியம் வாங்கும் இடம் அது. ஓடிய நேரத்தைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் அந்த வாசலில் வாயைத் திறக்காமல் கடப்பது உத்தமம். அங்கிருந்து பழமுதிர்ச்சோலைக்கு மலைச்சாலை, மூன்று நான்கு கிலோமீட்டர். வளைந்து வளைந்து ஏறும். இரண்டு பக்கமும் காடு, பெரும்பகுதி நிழல். முருகன் கோயிலோடு நிற்காமல் இன்னும் மேலே நூபுர கங்கை, ராக்காயி அம்மன் கோயில் வரை போங்கள். கள்ளழகருக்குத் திருமஞ்சனம் அந்தச் சுனைத் தண்ணீரில்தான்.

இனி முக்கியமான விஷயம். மேலே போனதும் கோயில் வண்டியில் ஏறிக் கீழே வந்துவிடாதீர்கள். ஏறுவதற்கு நெஞ்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். தட்டைத் தரையில் ஓடியவர்களுக்கு நெஞ்சு இருக்கும், தொடை இருக்காது. மலையோட்டத்தில் அவர்கள் உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இறக்கத்துக்குப் பிறகுதான். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அடுத்த இரண்டு நாள் படியிறங்க விடாமல் வலிப்பது அதனால்தான். அந்த வலியை இங்கேயே வாங்கிவிட்டால் நீலகிரியில் பாதிதான் மிச்சம் இருக்கும். முதல் சில வாரம் ஏறும்போது ஓட்டமும் நடையுமாகப் போங்கள், இறங்கும்போது மட்டும் நிற்காமல் ஓடுங்கள். காலடி சிறியதாக இருக்கட்டும், குதிகாலை ஊன்றிப் பிரேக் போடாதீர்கள், முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். பழகிய பிறகு ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். முடித்துவிட்டு கோயிலில் அந்தத் தடித்த நெய்த்தோசையை வாங்குங்கள். ஓட்டக்காரனுக்கு அதைவிட நல்ல பிரசாதம் எந்த ஊரிலும் கிடையாது.

சித்திரைத் திருவிழா, ஆடித் தேர், அமாவாசை ஆகிய நாள்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நீண்ட ஓட்டத்துக்கு அரிட்டாபட்டி, மாங்குளம் பக்கம் வாருங்கள். கண்மாய்க் கரை, வண்டித்தடம், குன்றை ஒட்டிய மண் பாதை என்று கால் பார்த்து வைக்க வேண்டிய தரை. அழகர் மலையின் தார்ச்சாலை இதைக் கற்றுக்கொடுக்காது. அரிட்டாபட்டியில் குடைவரைச் சிவன் கோயிலில் லகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிற்பம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அபூர்வம். மீனாட்சிபுரம் ஓவாமலையில் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துகள், 1882இல் ராபர்ட் சீவல் கண்டவை. கணி நந்தி என்கிற சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக்கொடுத்த செய்தி, அதில் நெடுஞ்செழியன் என்று பாண்டியன் பெயர். வெள்ளறை நிகமத்தார் என்று வணிகர் கூட்டமும் வருகிறது. அந்த வெள்ளறை, நீங்கள் மேலூர் பஸ்ஸில் கடந்து போகிற வெள்ளரிப்பட்டிதான் என்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கிய எழுத்தின் மேல் ஆணி வைத்த ஷூவோடு ஏறிக் குதித்து, உச்சியைத் தொட்ட நேரத்தைச் செயலியில் போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்காது. நடந்து ஏறச் சொல்வது அதற்காகத்தான்.

கடலோரக் கால்கள்:
டீச்சர், மிக்க நன்றி. இறக்கத்தைப் பற்றி இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம். அழகர் மலையில் விடியும் முன்பே ஏறலாமா? ஐப்பசி மழையில் என்ன செய்வது?

மேலூர் பி.டி. டீச்சர்:
இருட்டில் கூடாது. அது வனத்துறைக் காடு, காட்டு மாடு உண்டு. வாயில் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வெளிச்சத்தில் போங்கள். குரங்குகளுக்குப் பையும் பழமும் தெரியக் கூடாது. இடுப்புப் பட்டையில் தண்ணீர் போதும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள், பின்னால் வண்டி வருவது கேட்க வேண்டும்.

மழைக் காலத்தில் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறையில் நீர் வழிந்த கறுப்புத் தடம் இருக்கும் பாருங்கள், நனைந்தால் அதில் ஆடுகூட வழுக்கும். கண்மாய்க் கரையும் சேறாகிவிடும். அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கண்மாயில் தண்ணீரும் இருக்கும், பறவையும் இருக்கும்.

ஆனைகொண்டான் கரை:
அரிட்டாபட்டிக்காரன் எழுதுகிறேன். டீச்சர் எங்கள் ஊருக்கு ஆள் பிடித்துவிடுவதில் மகிழ்ச்சி, கூடவே கொஞ்சம் பயம். 2022 நவம்பரில் அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. அதன் பிறகு வார இறுதியில் வண்டிகள் கூடிவிட்டன. பிளாஸ்டிக் பாட்டிலும் கூடிவிட்டது. இந்தப் பாறை இடுக்குகளில் ராஜாளிகள் இருக்கின்றன. குன்றின் மேல் நின்று கூச்சல் போட்டால் அவை கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும்.

இன்னொன்று. 2024 நவம்பரில் எங்கள் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்ட செய்தி வந்ததிலிருந்து, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்யும்வரை, ஊரே தூங்கவில்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தே போனோம். அந்த நாள்களில் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடிய ஒருவரை, நிலம் அளக்க வந்தவர் என்று நினைத்துப் பெரியவர்கள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கெடுபிடி இல்லை. ஆனாலும் யாராவது "எந்த ஊர், என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று கேட்டால் ஓட்டத்தை நிறுத்திப் பதில் சொல்லுங்கள். நேரம் கெடுகிறதே என்று கையை ஆட்டிவிட்டுப் போனால் அடுத்த தெருவிலும் கேட்பார்கள்.

வண்டியை ஊருக்குள்ளேயே நிறுத்துங்கள், குன்றடி வரை கொண்டு போக வேண்டாம். கண்மாய்க் கரையில் ஓடும்போது ஆட்டு மந்தை எதிரே வந்தால் கரையிலிருந்து நீங்கள்தான் இறங்க வேண்டும், ஆடுகள் இறங்காது. வருவதற்கு முந்தின நாள் இங்கேயே எழுதுங்கள். ஓவாமலைக்கு வழி காட்ட என் தம்பி மகனை அனுப்புகிறேன். கல்லூரிக் கபடி அணியில் இருக்கிறான், ஏற்றத்தில் உங்களைப் பின்னால் விட்டுவிடுவான்.